தாத்தாவின் ரெண்டு விசில்

பக்கவாதம்னு தலைப்பு வெச்சா பாதிப் பேர் எட்டிப் பார்த்துட்டு ஓடிருவீங்க. அதான் விசில். உள்ள வந்துட்டீங்கள்ல? படியில நிக்காம அப்படியே தள்ளி உள்ள போங்க. (இந்த டயலாக்குக்கு ராயல்டி எங்க தாத்தாவுக்கு.)

கிளாஸ்ல நிறைய பேர் "தாத்தா எப்படிடா இருக்காரு?"ன்னு விசாரிக்கறீங்க. சந்தோஷம். ஆனா நான் "நேத்து ஒரே காமெடிடா"ன்னு ஆரம்பிச்சதும் சிரிக்கலாமா, வேணாமான்னு தெரியாம ஒரு முழி முழிக்கறீங்க பாருங்க, அந்த முழிக்குத்தான் இந்தக் கட்டுரை. உடம்பு முடியாதவங்க இருக்கற வீட்டுல சிரிக்கலாமா? ஒரு வருஷமா எங்க வீட்டுல இந்தக் கேள்வியோடதான் குடித்தனம் நடத்திக்கிட்டிருக்கோம். பதில் கொஞ்சம் கிடைச்சிருக்கு.

முதல்ல தாத்தாவைப் பத்தி. அரசு பஸ்ல கண்டக்டர். 31 வருஷ சர்வீஸ். அதுல பாதிக்கு மேல மதுரை - தேனி ரூட்டு. ரிட்டையர் ஆகி 15 வருஷம் ஆச்சு, இன்னும் தூக்கத்துல "செக்கானூரணி எறங்கு"ம்பாரு. கல்யாண வீட்டுப் பந்தியில கூட்டம் முட்டுச்சுன்னா "பின்னாடி எடம் கெடக்கு, உள்ள போங்க"ன்னு இவரே கிளம்பிருவாரு. ஒத்த ரூபா சில்லறைக்காக ரெண்டு ஸ்டாப் தூரம் சண்டை போட்ட கதையெல்லாம் உண்டு. மொத்தத்துல வாய்தான் அவரோட சொத்து.

போன வருஷம் ஆடி மாசம், ஒரு நாள் காலையில அந்த வாய்தான் முதல்ல கோணுச்சு. வலது கையில இருந்த டீ டம்ளர் தானா நழுவி விழுந்துச்சு. அப்பத்தா "என்னங்க, சூடா இருக்கா?"ன்னு கேட்க, அவரு ஏதோ சொல்றாரு, எதுவும் வார்த்தையா வரல. நல்ல வேளை, நர்ஸுக்குப் படிச்ச எங்க அத்தை பக்கத்துத் தெருதான். ஓடி வந்தாங்க. "அப்பா, சிரிங்க"ன்னாங்க. ஒரு பக்கம் மட்டும்தான் சிரிச்சுது. "ரெண்டு கையையும் தூக்குங்க"ன்னாங்க. இடது கை மட்டும்தான் ஏறுச்சு. அவ்வளவுதான், உடனே 108.

உசிலம்பட்டியிலேர்ந்து மதுரைக்கு சுமார் 40 கிலோமீட்டர். ஆயிரக்கணக்கான தடவை நின்னுக்கிட்டே டிக்கெட் கிழிச்ச ரோட்டுல, தாத்தா முதல் தடவையா படுத்துக்கிட்டுப் போனாரு. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். அதுவும் ஸ்கேன் எடுத்து, மூளையில ரத்தக்கசிவு இல்ல, அடைப்புதான்னு உறுதி பண்ணினப்புறம்தான். எங்களுக்கு நேரம் இருந்துச்சு. மூளையில பெரிய ரத்தக்குழாய் அடைச்சா நிமிஷத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகுதுன்னு 2006ல ஒரு அமெரிக்க டாக்டர் கணக்குப் போட்டு எழுதியிருக்காரு. பஸ் 5 நிமிஷம் லேட்டானா மெமோ குடுக்கற டிப்போக்காரங்களை இனிமே திட்ட மாட்டேன்.

உயிர் தப்பிச்சுது. ஆனா வலது கை, வலது கால், பேச்சு மூணும் போயிருச்சு. மூளையோட இடது பக்கம்தான் உடம்போட வலது பக்கத்தை ஆளுது. பெரும்பாலானவங்களுக்குப் பேச்சும் அங்கதான் குடியிருக்கு. அதனால இந்த மூணும் ஒண்ணா மாட்டிக்கறது சகஜமாம்.

இதுல ஒரு விசேஷம். நாம யோசிச்சுப் பேசற பேச்சு போயிட்டாலும், வருஷக்கணக்கா வாய் பழகின சொல்லு சில பேருக்குத் தங்கிரும். ஒண்ணு ரெண்டு எண்ணறது, பாட்டு, சாமி பேரு, கெட்ட வார்த்தை... இந்த மாதிரி. 1861ல பிரான்ஸ்ல ப்ரோக்காங்கற டாக்டர்கிட்ட வந்த ஒரு நோயாளி, எதைக் கேட்டாலும் "டான்"னு மட்டும்தான் சொல்லுவாராம். அவரு மூளையைப் பரிசோதிச்சுத்தான் பேச்சு எங்க இருக்குன்னே ப்ரோக்கா எடுத்துச் சொன்னாரு. எங்க தாத்தாவுக்குத் தங்கினது "ரைட்", "டிக்கெட்", "சில்லறை", "உள்ள போ". இந்த நாலு வார்த்தையை வெச்சுக்கிட்டு ஒரு மனுஷன் குடும்பம் நடத்த முடியுமான்னா, முடியும். பசிச்சா "டிக்கெட்". தண்ணி வேணும்னாலும் "டிக்கெட்". பாத்ரூம் போகணும்னாலும் அதே "டிக்கெட்"தான், ஆனா சத்தம் மட்டும் கூட இருக்கும். நாங்க ராகத்தை வெச்சுக் கண்டுபிடிப்போம்.

ஆரம்பத்துல யாரும் சிரிக்கல. அப்பத்தா மூலையில உக்காந்து அழுவாங்க. அப்பா பேசறதையே விட்டுட்டாரு. பார்க்க வர்ற சொந்தக்காரங்கதான் பேசினாங்க. அதுவும் தாத்தாவை வெச்சுக்கிட்டே, அவரு அங்க இல்லாத மாதிரி. "எப்படி இருந்த மனுஷன்!"னு ஒருத்தர். "புறா ரத்தம் தேய்ச்சா மூணே நாள்ல எந்திரிச்சுருவாரு"ன்னு இன்னொருத்தர். (தேய்க்கல. புறாக்கள் நலம்.) பேச்சு வராதவருக்குக் காது கேக்காதுன்னு இவங்களுக்கு யாரு சொன்னாங்களோ, எல்லாரும் அவரு காதுகிட்டப் போய்க் கத்துவாங்க.

அப்படித்தான் ஒரு தூரத்து மாமா வந்து கட்டிலுக்குப் பக்கத்துல குனிஞ்சு, "என்னைத் தெரியுதாஆஆ?"ன்னு ஊருக்கே கேக்கற மாதிரி கத்தினாரு. தாத்தா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாரு. அப்புறம் இடது கையை நீட்டி "டிக்கெட்"னாரு. மாமா பதறிப்போய் எங்களைப் பார்த்தாரு. எங்களுக்கும் ஒண்ணும் புரியல. பாவம், மாமா பையிலேர்ந்து ஒரு பத்து ரூபா எடுத்து அவரு கையில வெச்சாரு. தாத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, ரொம்பக் கடுப்பா, "சில்லறை!"

அது மூளை தடுமாறி வந்த வார்த்தையா, வேணும்னே சொன்னதான்னு எங்களுக்கு ஒரு செகண்ட் தெரியல. அப்பத்தான் பார்த்தோம், தாத்தாவோட வாயில நல்லா இருக்கற இடது ஓரம் லேசா மேல போயிருக்கு. அப்பத்தா புடவைத் தலைப்பை வாயில வெச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து 19 நாள் கழிச்சு அந்த வீட்டுல கேட்ட முதல் சிரிப்பு. ஆஸ்பத்திரி அவரு உயிரைக் காப்பாத்தித் திருப்பிக் குடுத்துச்சு, நிஜம். ஆனா எங்க தாத்தா வீட்டுக்குத் திரும்பி வந்தது அந்த "சில்லறை"யிலதான்.

அடுத்து பிசியோதெரபி. வாரத்துக்கு நாலு நாள் ஒரு அக்கா வீட்டுக்கே வருவாங்க. எங்களைவிட நாலஞ்சு வயசுதான் மூத்தவங்க. வந்த முதல் நாளே வீட்டுக்கு மூணு சட்டம் போட்டாங்க. செயலிழந்த கையைப் பிடிச்சு யாரும் இழுத்துத் தூக்கக் கூடாது, தோள்மூட்டு நழுவிரும். அவரே செய்ய முடியறதை நாம செஞ்சு குடுக்கக் கூடாது. அவரைக் கேக்காம அவரைப் பத்திப் பேசக் கூடாது. மூணாவதைச் சொன்னதும் தாத்தா "ரைட்!"னாரு. அன்னியிலேர்ந்து ரெண்டு பேரும் ஒரே கட்சி.

நடைப் பயிற்சியில ஆரம்பத்துல தாத்தா ரெண்டு அடி வெச்சுட்டு உக்காந்துருவாரு. அக்கா கெஞ்சிப் பார்த்தாங்க, அதட்டிப் பார்த்தாங்க, ம்ஹூம். ஒரு நாள் அவரு பழைய ரூட்டு என்னன்னு அப்பத்தாகிட்டக் கேட்டுக்கிட்டாங்க. மறுநாள் வரும்போது கையில சாக்பீஸ். கட்டில்கிட்டத் தரையில "ஆரப்பாளையம்"னு எழுதினாங்க. பீரோகிட்ட "நாகமலை புதுக்கோட்டை". ரூம் கதவுகிட்ட "செக்கானூரணி". ஹால்ல டிவி "உசிலம்பட்டி". ஹாலுக்கும் பின்கட்டுக்கும் நடுவுல இருக்கற உயரமான வாசப்படிதான் "ஆண்டிப்பட்டி கணவாய்". அதைத் தாண்டினா பாத்ரூம், அதாவது தேனி.

அன்னிக்கு பஸ் செக்கானூரணி வரைக்கும் போச்சு. அடுத்த வாரம் உசிலம்பட்டி. கணவாய்லதான் 12 நாள் பிரேக்டவுன். படி ஏற எந்தக் காலை முதல்ல வைக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது பலமில்லாத கால் முதல்ல. அக்கா இதைச் சொல்லிக்குடுக்க, அப்பத்தா பின்னாடி நின்னு மனப்பாடம் பண்ணாங்க. தாத்தா காலை மாத்தி வெச்சாப் போதும், "ஏங்க, அது ராங் ரூட்டுங்க"ம்பாங்க. கணவாயைத் தாண்டின அன்னிக்கு தேனி பஸ் ஸ்டாண்டுல... சரி, பாத்ரூம்லதான்... தாத்தா கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, வியர்த்துக் கொட்ட, "எறங்கு"ன்னாரு. நாலு வார்த்தை அன்னிக்கு அஞ்சாச்சு!

கைதான் பிடிவாதம். அதுக்குக் கண்ணாடி வெச்சு ஒரு பயிற்சி. ரெண்டு கைக்கும் நடுவுல ஒரு கண்ணாடியை நிறுத்தி, செயலிழந்த கையைக் கண்ணாடிக்குப் பின்னாடி மறைச்சு வைக்கணும். நல்ல கையை அசைச்சுக்கிட்டே கண்ணாடியைப் பார்த்தா, அந்தப் பக்கத்துக் கையும் அசையற மாதிரி தெரியும். மூளையை நயமா ஏமாத்தற வேலை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில படிச்ச நரம்பியல் அறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரன், கை இழந்தவங்களுக்கு 'இல்லாத கை'யில வர்ற வலிக்காக 1990கள்ல கண்டுபிடிச்ச வித்தை இது. 1999ல அவரும் இருந்த ஒரு குழு இதைப் பக்கவாதக்காரங்களுக்கும் முயற்சி பண்ணி எழுதினாங்க.

அக்கா இதையெல்லாம் விளக்கி முடிச்சாங்க. தாத்தா இடது கையை மூடித் திறந்தாரு. கண்ணாடியில வலது கை மூடித் திறந்துச்சு. எட்டிப் பின்னாடி பார்த்தாரு. நிஜமான வலது கை, ஒரு வேலையும் செய்யாம சொகுசாப் படுத்துக் கிடந்துச்சு. தாத்தா அதைக் காட்டி, அசல் கண்டக்டர் குரல்ல சொன்னாரு: "வித்தவுட்!"

டிக்கெட் எடுக்காம ஓசியில பயணம் பண்றவனுக்கு பஸ்ல அதான பேரு! அக்கா கண்ணாடியைக் கீழ வெச்சுட்டுச் சிரிச்சாங்க. அன்னியிலேர்ந்து வலது கைக்கு அதே பேருதான். "இன்னிக்கு வித்தவுட் எப்படி இருக்காரு?"ன்னு கேட்டுக்கிட்டேதான் அக்கா உள்ள வருவாங்க. துணி கிளிப்பை எடுத்துக் கொடியில மாட்டறது, கிண்ணத்துல இருந்து புளியங்கொட்டையை ஒண்ணொண்ணா எடுக்கறது, காசை அடுக்கறதுன்னு வித்தவுட்டுக்கு ஏகப்பட்ட வேலை. நாலாவது மாசம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு ரூபா காசை எடுத்துச்சு. தாத்தா அதை அக்கா கையில போட்டாரு. "அப்பாடா, ஐயா! வித்தவுட் டிக்கெட் எடுத்துட்டாரு!"

அப்புறம் நல்ல கையைக் கட்டிப் போடற வைத்தியம். கேலி இல்லைங்க, எட்வர்ட் டாப்ங்கற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கின முறை. நல்ல கைக்கு உறை போட்டுட்டா, வேற வழியில்லாம பலமில்லாத கையை உபயோகிச்சுத்தான ஆகணும்? 222 பேரை வெச்சு நடந்த ஆய்வு 2006ல வெளியாச்சு, பலன் இருக்குன்னு தெரிஞ்சுது. ஆனா விரல் கொஞ்சமாவது அசையறவங்களுக்குத்தான் இது. தாத்தாவுக்கு தினம் ரெண்டு மணி நேரம் இடது கையில சாக்ஸ் மாட்டினோம். அப்பத்தா பக்கத்துல வந்து உக்காந்து, "அம்பது வருஷமா இந்தக் கையைக் கட்ட முடியல, இப்பத்தான் மாட்டினீங்க"ன்னாங்க. தாத்தா சாக்ஸ் போட்ட கையாலயே அவங்க தலையில ஒரு குட்டு வெச்சாரு. அக்கா, "ஐயா, அந்தக் கைக்கு லீவு. குட்டறதா இருந்தா வித்தவுட்டால குட்டுங்க."

சரி, விசில் எங்கடான்னு கேக்கறீங்க. வாய் கோணினதுக்கு ஊதற பயிற்சியும் இருந்துச்சு. முதல்ல மெழுகுவத்தி. ஊதினா காத்து வலது ஓரமாவே ஓடிரும், மெழுகுவத்தி அசையாது. ஒரு நாள் பீரோவைக் குடைஞ்சு தன்னோட பழைய விசிலை எடுத்துட்டு வரச் சொன்னாரு. வெறும் "புஸ்ஸு"தான். மூணு வாரம் அதே "புஸ்ஸு". அப்புறம் ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு, தெருவே எந்திரிக்கற மாதிரி விசில். அதுவும் ரெண்டு விசில்! (ஒரு விசில்னா வண்டி நிக்கணும், ரெண்டுன்னா கிளம்பணும். பஸ்ல போறவங்களுக்குத் தெரியும்.) அப்பத்தா பாதித் தூக்கத்துல, "எந்த ஸ்டாப்புங்க?"ன்னாங்க. தாத்தா, "தேனி."

இப்படியே போச்சுன்னா நல்லா இருக்கும். போகல.

பக்கவாதத்துக்கு அப்புறம் சிலருக்கு சிரிப்பு, அழுகை ரெண்டுக்கும் கட்டுப்பாடு போயிரும். தாத்தாவுக்கும் அது இருந்துச்சு. சோப்புத்தூள் விளம்பரத்தைப் பார்த்து விக்கி விக்கி அழுவாரு. நெருங்கின சிநேகிதர் ஒருத்தர் தவறிட்டாருன்னு சொன்னப்ப, சிரிக்க ஆரம்பிச்சு நிறுத்த முடியாம திணறினாரு. கண்ணுல தண்ணி, வாயில சிரிப்பு. எங்களுக்குப் பயமாயிருச்சு. அதுவரைக்கும் அவரு சிரிச்சதெல்லாமே இந்த மாதிரிதானா? அந்த "சில்லறை" கூட? டாக்டர்கிட்டக் கேட்டோம். "வண்டி நல்லாத்தான் இருக்கு, பிரேக்தான் வேலை செய்யல. மனசுக்குள்ள இருக்கறது வேற, வெளிய வர்றது வேற"ன்னாரு. மருந்து குடுத்தாரு. கொஞ்சம் கொஞ்சமா அடங்குச்சு. எது நிஜச் சிரிப்புன்னு கண்டுபிடிக்க அப்பத்தாதான் ஒரு வழி சொன்னாங்க: "அவரு சிரிச்சுட்டு நம்ம மூஞ்சியப் பார்த்தாருன்னா நெசம்டா. நாம சிரிக்கறோமான்னு பார்ப்பாரு."

அஞ்சாவது மாசம் இன்னும் மோசம். முன்னேற்றம் அப்படியே நின்ன மாதிரி இருந்துச்சு. அந்தச் சமயத்துல ஒரு சொந்தக்காரர் வந்து, நாங்க பேசறதைக் கேட்டுட்டு, எல்லார் முன்னாடியும் "என்ன, வித்தவுட் இன்னும் வேலைக்குப் போகலையா?"ன்னு சிரிச்சாரு. வார்த்தை அதேதான். தாத்தா சிரிக்கல. வலது கையை எடுத்துப் போர்வைக்குள்ள மறைச்சுக்கிட்டாரு. மறுநாள்லேர்ந்து சுவத்தைப் பார்த்துப் படுத்துட்டாரு. ரூட்டு இல்ல, விசில் இல்ல. அக்கா வந்தா கண்ணை மூடிக்குவாரு.

அந்த மூணு வாரம் எந்த ஜோக்கும் வேலைக்கு ஆகல. ஆகாது. பக்கவாதம் வந்தவங்கள்ல ஏறத்தாழ மூணுல ஒருத்தருக்கு மனச்சோர்வு வரும்னு டாக்டர் சொன்னாரு. அது சோம்பேறித்தனமும் இல்ல, பிடிவாதமும் இல்ல, வைத்தியம் பார்க்க வேண்டிய இன்னொரு நோய். அதுக்கும் மருந்து ஆரம்பிச்சாங்க. 'சிரிப்பே மருந்து'ன்னு சொல்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள்: மருந்துதான் மருந்து. அக்கா அந்த நாள்லயும் தவறாம வந்து, ஒண்ணும் பேசாம கை காலை மடக்கி நீட்டிட்டுப் போனாங்க. அப்பத்தா அவரு முதுகுப் பக்கமா உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டே இருப்பாங்க. ஒரு நாள் சாயங்காலம் தாத்தா தானா திரும்பி, "டீ"ன்னாரு. டிக்கெட் இல்ல, டீ. அப்பத்தா எந்திரிச்ச வேகத்துல பூண்டெல்லாம் தரையில.

எனக்கு இதுல ஒண்ணு நல்லாப் புரிஞ்சுது. "வித்தவுட்" அப்படீங்கற அதே வார்த்தை தாத்தா வாயிலேர்ந்து வந்தப்ப அவரு கண்டக்டர், கை பாசஞ்சர். சொந்தக்காரர் வாயிலேர்ந்து வந்தப்ப தாத்தாவே பாசஞ்சர் ஆயிட்டாரு, அதுவும் இறக்கி விடப்பட்ட பாசஞ்சர். உடம்பு முடியாம போனா மத்தவங்கதான் நம்மளைக் குளிப்பாட்டறாங்க, ஊட்டறாங்க, தூக்கறாங்க, நமக்காக முடிவெடுக்கறாங்க. அதுல ஒரு மனுஷன் தன் கையில வெச்சுக்க முடியற ஒண்ணு, தன்னைப் பத்தின கிண்டல். அதையும் நாம பிடுங்கிக்கக் கூடாது. சிரிக்கலாமான்னா, தாராளமா சிரிக்கலாம். ஆனா விசில் அவரு கையில இருக்கணும். அவரு ஊதினா வண்டி கிளம்பட்டும், நிறுத்தினா நிக்கட்டும்.

ஹாலிவுட் நடிகர் கிர்க் டக்ளஸுக்கு 1996 ஜனவரியில பக்கவாதம், பேச்சு குழறிப் போச்சு. ரெண்டே மாசத்துல ஆஸ்கர் மேடையேறி, குழறலோடயே நன்றி சொன்னாரு. தன் பக்கவாதத்தைப் பத்தி 2002ல புத்தகமும் எழுதினாரு. 2011 ஆஸ்கர்ல, 94 வயசுல, விருது யாருக்குன்னு சொல்லாம இழுத்து இழுத்துப் போட்டியாளர்களையும் கூட்டத்தையும் படுத்தின பாடு இருக்கே, வீடியோ தேடிப் பாருங்க. யாரும் பரிதாபப்பட்டுச் சிரிக்கல. அவரு சிரிக்க வெச்சாரு, சிரிச்சாங்க. விசில் அவரு கையில இருந்துச்சு.

இப்ப தாத்தா தடி ஊணித் தெருமுனை டீக்கடை வரைக்கும் போறாரு. வார்த்தை நிறையத் திரும்பியிருக்கு, ஆனா நீளமான வாக்கியம் இன்னும் தடுக்குது. வலது கை சட்டைப் பட்டன் போடற அளவுக்கு வரல, வராமலே போகலாம்னு அவருக்கும் தெரியும். காசு எண்ணும், அது போதும்ங்கறாரு.

படிக்கிற உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. வீட்டுல யாருக்காவது திடீர்னு வாய் கோணுச்சா, ஒரு கை ஏறலையா, பேச்சு குழறுதா, நேரத்தைக் குறிச்சுக்கிட்டு உடனே 108ஐக் கூப்பிடுங்க. குடிக்க, சாப்பிட, மாத்திரை எதுவும் வாயில குடுக்காதீங்க, விழுங்க முடியாம மூச்சுக்குழாயில போயிரும். ஸ்கேன் வசதி இருக்கற ஆஸ்பத்திரிக்கே நேராப் போங்க. புறாக்களைத் தொந்தரவு பண்ணாதீங்க.

இந்தக் கட்டுரையைப் போடறதுக்கு முன்னாடி தாத்தாவுக்கு முழுசாப் படிச்சுக் காட்டினேன். சொந்தக்காரர் வர்ற இடத்துல ஜன்னல் பக்கம் பார்த்தாரு. அதை எடுத்துரட்டுமான்னு கேட்டேன். "இருக்கட்டும்"னாரு. எல்லாம் கேட்டு முடிச்சுட்டு வலது கையை மெதுவா, ரொம்ப மெதுவா என் பக்கம் நீட்டினாரு. நான் நெகிழ்ந்துபோய்ப் பிடிக்கப் போனேன்.

"சில்லறை"ன்னாரு.